இரண்டடித் தண்ணீரில் அறுபது டன்: கொலராடோ ஆற்றில் சரக்குப் படகு ஓட்டுவது ஏன் அவ்வளவு கடினம்?

ஆழமில்லாத பாலைவன ஆற்றில் சரக்குப் படகு விட்டு லாபம் பார்க்க முடியுமா, அதில் என்னென்ன சிக்கல் வரும் என்பது கேள்வி. இதைப் பொதுவாகச் சொன்னால் ஒன்றும் விளங்காது. அதனால் அமெரிக்காவின் கீழ்க் கொலராடோ ஆற்றை எடுத்துக்கொள்கிறேன். 1852-இல் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல், கலிஃபோர்னியா வளைகுடா முகத்துவாரத்திலிருந்து யூமா வழியாக நெவாடா எல்லை வரை, அங்கே நீராவிப் படகுகள் கூலிக்குச் சரக்கு ஏற்றின. அதாவது, முடியும். ஆனால் எந்தச் செலவில், எதுவரை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆறு ஆழமில்லாமல் இருந்ததைப் படகு கட்டியவர்கள் மூன்றே ஆண்டில் சமாளித்துவிட்டார்கள். நேற்று இருந்த ஆழம் இன்று இருக்காது என்பதைத்தான் கடைசிவரை யாராலும் சமாளிக்க முடியவில்லை. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

முதலில் இந்த ஆற்றுக்கு ஏன் போனார்கள் என்று பார்த்துவிடலாம். 1850-இல் அமெரிக்க ராணுவம் கீலா ஆறும் கொலராடோவும் கூடுமிடத்தில் யூமா கோட்டையை அமைத்தது. சான் டியேகோவிலிருந்து பாலைவனம் தாண்டி வண்டியில்தான் உணவு வர வேண்டும். கோவேறு கழுதைகளுக்குத் தீனியும் தண்ணீரும் அதே வண்டியில் ஏற வேண்டும் என்பதால், கொண்டுவரும் சரக்கில் ஒரு பங்கைப் பயணமே தின்றுவிடும். மாற்றுவழி கடல். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கப்பலில் பாஹா தீபகற்பத்தைச் சுற்றி முகத்துவாரம் வந்து, அங்கிருந்து ஆற்றில் சுமார் 240 கி.மீ. மேலே போக வேண்டும். தட்டைப் படகுகளைக் கழியால் தள்ளிப் பார்த்தார்கள். எதிர்நீரோட்டத்தில் அது கதைக்கு உதவவில்லை.

1852 இறுதியில் ஜேம்ஸ் டர்ன்புல் கொண்டுவந்த ‘அங்கிள் சாம்’ முதல் நீராவிப் படகு. 65 அடி நீளம், 20 குதிரைத்திறன், தண்ணீருக்குள் 22 அங்குலம் மூழ்கும். 240 கி.மீ. ஏற 15 நாள் ஆனது, நாளுக்கு 16 கி.மீ. ஆழத்துக்கு ஏற்ற படகுதான், நீரோட்டத்தை எதிர்க்கத்தான் வலு போதவில்லை. 1854-இல் ஜார்ஜ் அலோன்சோ ஜான்சன் 104 அடி நீளமுள்ள ‘ஜெனரல் ஜெசப்’பை இறக்கினார். ராணுவத்தோடு டன்னுக்கு 75 டாலர் என்று ஒப்பந்தம். அந்த விலையிலும் வண்டிப் பாதையைவிட ராணுவத்துக்கு இது மலிவு. அடுத்த ஆண்டே 120 அடி நீளத்தில், நீரைத் தள்ளும் பலகைச் சக்கரம் பின்னால் உள்ள பின்சக்கரப் படகான ‘கொலராடோ’ வந்தது. 60 டன் ஏற்றினாலும் இரண்டடிதான் மூழ்கும். இந்த ஆற்றுக்கு ஏற்ற படகின் இலக்கணம் அதோடு உறுதியாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். 120 அடி நீளம், 25 அடி அகலம் உள்ள தட்டையடிப் படகு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் வளைவதைக் கழித்தால் தண்ணீரைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 2,500 சதுர அடி. அது ஓர் அங்குலம் கூடுதலாக மூழ்க வேண்டுமானால் சுமார் 6 டன் ஏற்ற வேண்டும். திருப்பிச் சொன்னால், வழியில் எங்கோ ஒரு மணல்திட்டின் மேல் எதிர்பார்த்ததைவிட நான்கு அங்குலம் தண்ணீர் குறைந்திருந்தால் 24 டன் சரக்கைக் கரையில் விட்டுப் போக வேண்டும். 60 டன் ஏற்றும் படகுக்கு அது ஐந்தில் இரண்டு பங்கு வருமானம். ஆட்கூலியும் விறகும் மட்டும் குறையாது. முழுப் பாதையிலும் பத்தடி ஆழம் இருந்தாலும் பயனில்லை, ஒரே ஓர் இடத்தில் 20 அங்குலம் என்றால் அந்த 20 அங்குலம்தான் மொத்தப் பயணத்துக்கும் சரக்கின் அளவை முடிவு செய்யும். அந்த இடம் எது என்பது வாரத்துக்கு வாரம் மாறும்.

எடையைக் குறைக்க என்ன செய்தார்கள்? அடிப்பகுதி தட்டை, கீழே நீட்டிக்கொண்டிருக்கும் நடுக்கட்டை கிடையாது. முன்பகுதி கரண்டிபோல வளைந்திருக்கும், திட்டில் மோதினால் குத்தி நிற்காமல் மேலே ஏறி வழுக்கும். மரச்சட்டம் மெல்லியது என்பதால் நடுவில் கொதிகலன், பின்னால் இயந்திரமும் சக்கரமும் என்று எடை பிரிந்து அழுத்தும்போது உடல் வளைந்துவிடும். அதைத் தடுக்க, மேல்தளத்தில் கம்பங்கள் நட்டு, முன்னிருந்து பின்வரை இரும்புத் தண்டுகளை இழுத்து முறுக்கி வைப்பார்கள். இயந்திரம் உயர் அழுத்த வகை. நீராவியைக் குளிர்வித்துத் திரும்ப எடுக்கும் கருவி எதுவும் இல்லை, வேலை முடிந்த ஆவி வெளியே போய்விடும். விறகு அதிகம் தின்னும், ஆனால் எடை குறைவு. சக்கரம் பின்னால் இருப்பதால் மூழ்கிக் கிடக்கும் மரங்களிலிருந்து படகின் உடலே அதை மறைத்துக் காக்கும். சக்கரத்துக்கு முன்னால் சுக்கான்கள் வரிசையாக இருக்கும். சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றினால் அது தள்ளும் தண்ணீர் நேராகச் சுக்கான்களில் அடிக்கும், அதனால் வேகமே இல்லாமல்கூடப் படகைத் திருப்பலாம். குறுகிய வளைவில் உயிர் காப்பது இந்த வசதிதான்.

இதற்கு மாறாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ராணுவ அதிகாரி ஜோசஃப் ஐவ்ஸின் ‘எக்ஸ்ப்ளோரர்’ நல்ல பாடம். ராணுவ ஆய்வுப் பயணத்துக்காக ஃபிலடெல்ஃபியாவில் செய்த 54 அடி இரும்புப் படகு. துண்டுகளாகப் பிரித்து பனாமா வழியாகக் கொண்டுவந்து, முகத்துவாரச் சேற்றில் வைத்து இணைத்தார்கள். மூன்று டன் கொதிகலனைத் தாங்க உடலில் வலுவில்லை என்று தெரிந்ததும், அடிப்புறத்தின் வெளியே நீளவாக்கில் மரச்சட்டங்களை முடுக்கினார்கள். உடல் உறுதியானது, ஆனால் மூழ்கும் ஆழம் கூடியது. வழுக்க வேண்டிய அடிப்பகுதி மணலைப் பிடித்து உழ ஆரம்பித்தது. 1858 மார்ச்சில் பிளாக் கேன்யன் என்ற மலையிடுக்கின் வாயிலில் நீருக்கடியில் இருந்த பாறையில் மோதி, கொதிகலன் இடம்பெயர்ந்து, நீராவிக் குழாய் மடங்கியதோடு அதன் மேல்நோக்கிய பயணம் முடிந்தது. ஜான்சன் தன் பழைய ‘ஜெசப்’பில் அதற்கு முன்பே, ஜனவரியிலேயே, அந்தப் பக்கம் போய்த் திரும்பியிருந்தார். திரும்பும் வழியில், ராணுவம் சோதனையாகப் பயன்படுத்திய எட்வர்ட் பீலின் ஒட்டகக் கூட்டத்தை அந்தப் படகு அக்கரை சேர்த்தது. பாலைவன ஆற்றுக்கு இதைவிடப் பொருத்தமான சந்திப்பு கிடையாது. ஆனால் ‘ஜெசப்’பும் பிகாச்சோ அருகே பாறையில் மோதி மூழ்கியது, பிறகுதான் தூக்கினார்கள்.

இனி, அணைகள் வருவதற்கு முன் இருந்த ஆற்றின் குணம். ராக்கி மலைப் பனி உருகும் மே, ஜூன், ஜூலையில் வெள்ளம். இலையுதிர் காலம் தொடங்கிக் குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் கீழே கிடக்கும். நல்ல தண்ணீர் உள்ள மாதங்களில்தான் யூமாவில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், கொதிகலன் முன்னால் நிற்பவருக்கு அது இன்னும் பல டிகிரி கூடுதல். அணைகள் வருவதற்கு முன் இந்த ஆறு ஆண்டுக்குப் பத்து கோடி டன்னுக்கும் மேல் வண்டலைக் கீழே கொண்டுவந்தது. தண்ணீர் செம்மண் கரைசல் போல இருப்பதால் ஓரடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்கவே முடியாது.

வளைவுகளில் ஆழம் வெளிக்கரையை ஒட்டி இருக்கும். ஒரு வளைவு முடிந்து எதிர்ப்பக்க வளைவு தொடங்கும் இடத்தில் ஆழமான நீரோட்டத் தாரை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தாண்டும். அங்கே தண்ணீர் பரந்து மெலிந்துவிடும். திட்டுகள் பெரும்பாலும் அங்கேதான். வெள்ளம் ஏறும்போது வளைவுக் குழிகள் அரிக்கப்பட்டு, அந்த மணல் இந்தத் தாண்டுமிடங்களில் குவியும். வெள்ளம் மெதுவாக வடிந்தால் நீரே திட்டை வெட்டி வழி பண்ணிக்கொள்ளும். சட்டென்று வடிந்தால் வெட்ட நேரமில்லாமல் திட்டு அப்படியே நின்றுவிடும். அதனால் மிகக் குறைந்த நீரைவிட, வேகமாக வடிந்துகொண்டிருக்கும் நீர் ஆபத்து. வடியும்போது தரைதட்டினால் ஒவ்வொரு மணி நேரமும் படகின் எடை கூடுதலாக மணலில் இறங்கும். தண்ணீர் மறுபடி ஏறும்வரை வாரக்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். விவரமான படகுத் தலைவர்கள் முடிந்தவரை ஏறுநீரில் புறப்பட்டார்கள், இரவில் ஓட்டவில்லை. முன்பக்கத்தில் ஓர் ஆள், அளவு குறித்த கழியோடு நின்று ஒவ்வொரு குத்துக்கும் ஆழத்தைச் சொல்லிக்கொண்டே வருவார். கரையோரம் வாழ்ந்த கெச்சான், கோகோபா மக்கள் படகுப் பணியாளர்களாகச் சேர்ந்தார்கள். ஐசக் போல்ஹாமஸ், ஜாக் மெலன் போன்ற தலைவர்கள் பல பத்தாண்டுகள் இதே ஆற்றில் இருந்தும் வரைபடம் உதவவில்லை, நீர்ப்பரப்பைப் படித்துத்தான் ஓட்ட வேண்டும்.

மேலே ஏறும்போது தட்டுவதும் கீழே இறங்கும்போது தட்டுவதும் ஒன்றில்லை. திட்டின் கீழ்ப்புற விளிம்பு செங்குத்து, மேல்புறம் மெல்லிய சரிவு. ஏறும் படகு செங்குத்து விளிம்பில் மூக்கை முட்டும், சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினால் நீரோட்டமும் சேர்ந்து விடுவித்துவிடும். இறங்கும் படகு சரிவில் ஏறிச் செருகிக்கொள்ளும், நீரோட்டம் பின்னாலிருந்து இன்னும் உள்ளே தள்ளும். இறங்கும் சரக்கோ பெரும்பாலும் தாதுப்பொருள், கனமானது. தட்டியவுடன் பின்பக்கம் சுழன்று குறுக்கே நின்றுவிட்டால், ஒரு பக்கம் நீர் மணலை அரித்துக் குழி பறிக்கும், மறுபக்கம் அதே மணலைக் குவிக்கும். தாங்கல் இல்லாத இடத்தில் படகின் முதுகு முறியும். அதனால் முதல் வேலை, பின்பக்கத்திலிருந்து நீரோட்டத்துக்கு மேல்திசையில் வடம் கட்டி, குறுக்கே திரும்பாமல் நிறுத்துவது.

விடுவிக்கும் முறைகள் இரண்டு முக்கியம். ஒன்று வடம். கரையில் வலுவான மரம் இருந்தால் அதில் கட்டி, படகிலுள்ள நீராவி உருளையில் சுற்றி இழுப்பார்கள். பல கிலோமீட்டருக்கு மரமே இல்லாத கரை என்றால் ஒரு தடிமரத்தைப் புதைக்க வேண்டும். இழுவைக்குக் குறுக்காக ஆளளவு பள்ளம் வெட்டி, மரத்தைப் படுக்கவைத்து, நடுவில் வடத்தைக் கட்டி, வடம் வெளியே வரச் சரிவான சிறு வாய்க்கால் விட்டு, மூடி மிதிக்க வேண்டும். வாய்க்கால் விடாமல் நேராக மேலே எடுத்தால் இழுக்கும்போது மரம் மண்ணைப் பிளந்துகொண்டு எழும்பிவிடும். நங்கூரத்தை ஆற்றுக்குள் போட்டு இழுப்பது இளமணலில் நம்பகமில்லை, உழுதுகொண்டே வந்துவிடும்.

இரண்டாவது முறையை நண்டு நடை என்று சொல்லலாம். படகை முழுக்கத் திருப்பி, பின்பக்கத்தை ஆற்றின் மேல்திசைக்குக் கொண்டுவந்து, சக்கரத்தைப் பின்னோக்கி ஓட்டுவார்கள். சக்கரப் பலகைகள் திட்டைக் கிளறும், கிளறிய மணல் படகின் அடியில் நீரோட்டத்தோடு கீழே போகும், அந்த வெட்டுக்குள் படகு அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கும். உடல் மூழ்கும் ஆழத்தைவிடக் குறைந்த நீரில்கூட இப்படித் தாண்டலாம். இதில் தேய்வது சக்கரப் பலகைகள், அதனால் மாற்றுப் பலகைகள் எப்போதும் படகில் இருக்க வேண்டும். மணலில் ஒரு மரவேர் மறைந்திருந்தால் சக்கரக் கையே முறியும். இரண்டும் பலிக்காவிட்டால் சரக்கில் பாதியைக் கரையில் இறக்கி, மீதியோடு திட்டைத் தாண்டி, திரும்பி வந்து அதை எடுக்க வேண்டும். ஒரு திட்டுக்காக ஒரு முழு நாள் போய்விடும்.

யூமாவிலிருந்து சுமார் 500 கி.மீ. மேலே ஹார்டிவில் என்ற படகுத்துறை. அதற்கு மேல் மணலைவிடப் பாறைதான் பகை. பிளாக் கேன்யனில் கரைப்பாறையில் இரும்பு வளையங்களை அடித்து, அவற்றில் வடம் கட்டித் தங்களைத் தாங்களே இழுத்துக்கொண்டு, ஆறு வேகமாகப் பாயும் பாறைப் பாய்ச்சல்களை ஏறினார்கள். ரிங்போல்ட் பாய்ச்சல் என்ற பெயரே அதனால் வந்தது. 1866 அக்டோபரில் கேப்டன் ராபர்ட் ரோஜர்ஸ் ‘எஸ்மரால்டா’வில் ஒரு பார்ஜையும் (இயந்திரமில்லாத சரக்குத் தட்டைப் படகு) இழுத்துக்கொண்டு, யூமாவிலிருந்து 650 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்த கால்வில் வரை போனார். கால்வில் இன்று மீட் ஏரிக்கு அடியில் இருக்கிறது. பார்ஜ் இழுக்கும் வழக்கம் இந்த ஆற்றில் பெரிய முன்னேற்றம். ஒரே உடலில் 100 டன் ஏற்றி ஆழமாக மூழ்குவதற்குப் பதில், இரண்டு உடல்களில் பிரித்து ஏற்றினால் இரண்டும் குறைவாக மூழ்கும். வளைவில் பார்ஜைக் கட்டுப்படுத்துவது மட்டும் தனிப் பாடு.

கொதிகலன் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, ஆனால் செலவின் பெரும்பகுதி அங்கே. ஆற்றுநீரைத்தான் கொதிகலனுக்குள் செலுத்த வேண்டும், அதில் பாதி சேறு. கொதிக்கும்போது சேறு அடியில் படியும். நெருப்பு படும் தகட்டின் மேல் சேறு படிந்தால் தகட்டின் சூட்டைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளாது. தகடு பழுத்து, இளகி, அழுத்தத்தில் பிதுங்கும், அதுதான் வெடிப்புக்கு வழி. எனவே அடியில் சேறு இறங்க ஓர் உருளையை வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை வால்வைத் திறந்து அழுத்தத்தோடு வெளியே ஊதிவிட வேண்டும். ஒவ்வொரு ஊதலிலும் விறகு செலவழித்துச் சூடாக்கிய நீர் ஆற்றோடு போகும். உப்பும் கலந்த நீர் என்பதால் நுரைக்கும், நுரை நீராவியோடு சிலிண்டருக்குள் போனால் கூடவே மணலும் போகும். பம்பின் தண்டு, வால்வு இருக்கைகள் எல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் தேய்ந்துவிடும்.

விறகுக்கு நாள் ஓட்டத் தூரத்துக்கு ஒரு நிறுத்தம் இருந்தது. கோகோபா, கெச்சான், மொஹாவி மக்கள் வெட்டி அடுக்கினார்கள். மெஸ்கீட் மரம் நன்றாக எரியும், நம் ஊர்ச் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு அது. காட்டன்வுட் மரமும் வில்லோ மரமும் பச்சையாக இருந்தால் புகை மட்டும்தான். கரை இடிந்தால் அடுக்கிய விறகும் ஆற்றோடு போய்விடும்.

எரிபொருள் கணக்கு தப்பினால் தொழிலே தப்பும் என்பதற்கு இதே ஆற்றின் மேல்பகுதியில் ஓர் உதாரணம் உண்டு. 1912-இல் லீஸ் ஃபெரியில் தங்கம் பிரிக்கும் வேலைக்கு, சுமார் 45 கி.மீ. மேலே வார்ம் கிரீக்கிலிருந்து நிலக்கரி இறக்க ‘சார்லஸ் எச். ஸ்பென்சர்’ என்ற 92 அடிப் படகைக் கட்டினார்கள். நிலக்கரியை நீரோட்டத்தோடு இறக்குவது எளிது. ஆனால் வெறும் படகை எதிர்நீரோட்டத்தில் திரும்ப ஏற்ற, கொண்டுவந்த நிலக்கரியில் பெரும்பகுதியை மிச்சம் வைக்க வேண்டியிருந்தது. சில பயணங்களோடு நிறுத்திவிட்டார்கள். அதன் எச்சம் இன்றும் லீஸ் ஃபெரியில் தண்ணீர் குறையும்போது தெரியும்.

முகத்துவாரம் வேறு உலகம். வளைகுடாவின் தலைமாட்டில் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், 25 அடி வரை இருக்கும். பெரிய ஓத நாள்களில் கடல்நீர் ஒரு சுவராக ஆற்றுக்குள் எதிரேறி வந்தது. கட்டிவைத்த படகின் வடத்தில் தளர்வு போதாவிட்டால் படகு அமிழும், தளர்வு அதிகமானால் கரையில் மோதும். ஆழ்கடல் கப்பல் ஆற்றுக்குள் வர முடியாது, ஆற்றுப் படகு கடலுக்குள் போக முடியாது, எனவே இந்த இடத்தில்தான் சரக்கைக் கைமாற்ற வேண்டும். பிறகு போர்ட் இசபெல் என்ற கழிமுக ஓடையில் பட்டறை போட்டார்கள். அங்கே அதே ஓதம் உதவியது. ஏற்றத்தில் படகை மரச்சட்டங்களின் மேல் நிறுத்தினால் இறக்கத்தில் தண்ணீர் வடிந்து அடிப்பகுதி முழுக்க வேலைக்குக் கிடைக்கும்.

வணிகத்தில் இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்றால், சரக்கு என்றைக்கு வந்துசேரும் என்று தேதி சொல்ல முடியவில்லை. 1862-இல் ஆற்றங்கரையில் லா பாஸ் என்ற இடத்தில் தங்கம் கிடைத்த பிறகு மேல் ஆற்றில் கூட்டம் பெருகியது. 1864-இல் தண்ணீர் குறைந்து, ஜான்சனின் படகுகளால் தேங்கிய சரக்கைத் தூக்கி முடிக்க முடியவில்லை. சுரங்க ஊர்களில் மாவுக்குத் தட்டுப்பாடு. அந்தக் கோபத்தில்தான் தாமஸ் ட்ரூவொர்தி போட்டிப் படகோடு உள்ளே வந்தார், ஜான்சன் ‘மொஹாவி’யைக் கட்டினார். போட்டி வந்ததால் படகுகள் கூடின. தண்ணீர் கூடவில்லை. ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றிலும் இதே கதைதான், கம்பளி மூட்டைகளோடு படகுகள் வற்றிய ஆற்றில் மாதக்கணக்கில் கிடந்தன.

ஆற்றைத் தூர்வாரியிருக்கலாமே என்று கேட்பார்கள். இவ்வளவு வண்டல் ஓடும் ஆற்றில் வெட்டிய வாய்க்கால் அடுத்த வெள்ளத்தில் தூர்ந்துவிடும். பாறையை உடைப்பது, மூழ்கிய மரத்தை எடுப்பது மட்டும்தான் நிற்கும் வேலை.

1877-இல் சதர்ன் பசிஃபிக் ரயில் யூமாவுக்கு வந்ததும் கடல்வழிச் சரக்கு நின்றது, முகத்துவாரப் பகுதி கைவிடப்பட்டது. படகுகள் யூமாவிலிருந்து மேலே மட்டும் ஓடின. 1883-இல் நீடில்ஸில் இன்னொரு ரயில் பாதை ஆற்றைத் தொட்டு, மேல்பகுதிச் சரக்கையும் பங்கு போட்டது. ரயில் எட்டாத சுரங்கங்கள் இருந்தவரை படகுகளுக்கு வேலை இருந்தது. 1909-இல் யூமாவுக்குச் சற்று மேலே லகூனா அணை ஆற்றின் குறுக்கே எழுந்தது. அதன் வழியே சரக்குப் படகு போக வழியில்லை. கடைசிப் படகான ‘சர்ச்லைட்’ சில ஆண்டுகள் கரை பலப்படுத்தும் வேலைக்குக் கல் சுமந்து, 1916-இல் ஓட்டத்தை முடித்தது.